மேஜர் மார்க் ஜவ்வரிசி

சின்னசேலம்
4.11.2024, திங்கள்

ஆல்பினுக்கு,

உன்னைத் தேடிக்கொண்டு ஒருவர் மண்டிக்கு வந்தார். நம் வண்டியிலேயே ஏற்றி உன் இடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பாய். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுக்க நினைத்தாலும் கரியாலூருக்கு மேலே டவர் இல்லை. ஏப்ரலில் "இனி நமக்குள் பேச்சு இல்லை" என்று எழுதினாய். பேச்சுதானே இல்லை, எழுதலாம் அல்லவா. திங்கள், வியாழன், சனி மூன்று நாளும் வண்டி மரவள்ளி ஏற்ற மேலே வருகிறது. பொன்னுரங்கம் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதில் எழுதினால் அவனிடமே கொடு.

வந்தவர் விஷயம். சனிக்கிழமை கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, பத்து மணிக்கு மண்டியைத் திறந்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்தார். வடநாட்டு மலைக்காரர் முகம், கம்பளிச் சட்டை. இந்த ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு சொட்டு வேர்வை இல்லை. கையில் நம்முடைய காலி ஜவ்வரிசிச் சாக்கு ஒன்றை மடித்து வைத்திருந்தார். உன் படம் போட்ட மேஜர் மார்க் சாக்கு. படத்தின்மேல் விரலை வைத்து, "டாக்டர் சாப் எங்கே?" என்றார் இந்தியில். வடக்கே சரக்கு அனுப்பி அனுப்பி எனக்கும் அரைகுறை இந்தி வரும் என்பது உனக்குத் தெரியும்.

"இந்தச் சாக்கு ஏது?" என்று கேட்டேன். அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். அவர் சம்சாரம் இந்தச் சாக்கைப் பிரித்து அடியில் கட்டியிருக்கிறாளாம். படுத்தால் மேலே உன் முகம் தெரியுமாம். அடியில் முகவரி இருக்கிறதல்லவா, அதைப் பிடித்து வந்துவிட்டார். அவ்வளவு தூரம் நம் சரக்கு போயிருக்கிறது என்று, மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மண்டிக்கு யார் வந்தாலும் எண் போட்ட தகர வில்லை ஒன்று கொடுத்து வரிசையில் உட்கார வைப்பேன். அவருக்கும் நீட்டினேன். வேண்டாம் என்றார். கழுத்தில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது. அதை எடுத்துக் காட்டி, "எனக்கு நம்பர் இருக்கிறது. பத்து" என்றார். ஏதோ ஆஸ்பத்திரிச் சீட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ரீத்தா தண்ணீர் கொடுத்தாள். உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்கினவள், "இன்னாங்க இது, பானைத் தண்ணிதான மோந்தேன், பிரிஜ்ல வச்ச மாதிரி இருக்குது" என்றாள்.

சாதாரணமாக முன்பின் தெரியாத ஆளை நான் வண்டியில் ஏற்றுவதில்லை. இவரை ஏற்றினதற்குக் காரணம் அவருடைய முதுகு. திரும்பி உட்காரும்போது பார்த்தேன். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன பிடரி. என்னுடையதும் அப்படித்தான் இருக்கும், நீ சின்ன வயதில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய்.

நல்லபடியாக வந்து சேர்ந்தாரா, எழுது. சாக்கில் படம் போட்டதற்கு இன்னும் கோபம் என்றால் அதையும் எழுது. ஏழு மாதமாகிறது.

மைக்கேல்ராஜ்


கரியாலூர் மேல்
7.11.2024

அண்ணா,

இங்கே யாரும் வரவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு வண்டி வந்தது. பொன்னுரங்கம் அரிசியும் மருந்துப் பெட்டியும் இறக்கினான், போய்விட்டான். அவனுடன் வேறு யாரும் இறங்கவில்லை.

சில விஷயங்களை மட்டும் கேட்கிறேன். அட்டை என்ன நிறம்? அந்த ஆள் வலது கையை விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தாரா? தண்ணீரை அவரே கேட்டாரா, அண்ணி தானாகக் கொடுத்தார்களா?

சாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். முகத்தைப் போட்டதற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முகம் போகட்டும். அதற்கு அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கிறீர்களே, "ஒருவரையும் விட்டுவராத மேஜர்" என்று. அதை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?

ஆல்பின்


சின்னசேலம்
9.11.2024

டேய் ஆல்பின்,

யாரைக் கேட்டுப் போட்டேனா? உனக்குச் சேனா மெடல் கொடுத்தபோது வாசித்தார்களே, அந்தக் காகிதத்தைக் கேட்டுப் போட்டேன். "குண்டு விழுந்துகொண்டிருந்த நிலையிலும் காயம்பட்டவர்களில் ஒருவரையும் விட்டுவராமல் ஒன்பது பேரையும் காப்பாற்றினார்." இங்கிலீஷில் இருந்ததை லாரன்ஸ் மாமாதான் தமிழில் எழுதிக் கொடுத்தார். பொய்யா போட்டேன்?

சரி, கேட்டதற்குப் பதில். அட்டை கறுப்பு. கை விலாவுக்குக் கீழேதான் இருந்தது, பசி என்று நினைத்தேன். தண்ணீர் அவராகத்தான் கேட்டார்.

உன் கடிதம் வந்ததும் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டேன்.

"ஏண்டா, அந்த ஆள எங்கடா எறக்கி வுட்ட?"

"டாக்டரண்ணன் வூட்டு வாசல்லதாண்ணே. நான் அரிசி மூட்டைய எறக்கிக்கினு இருந்தேன். அவரா எறங்கிப் போயி பெஞ்சில குந்திக்கினாரு."

"அவன் யாருமே வரலைங்கிறானே."

"அவுரு பக்கத்துலயே நின்னுக்கினுதான் டாக்டரண்ணன் கையெழுத்துப் போட்டாரு. நான் இன்னா பண்ணட்டும்?" என்றவன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, ஒண்ணு சொன்னா திட்டாத. வழி பூரா அவுரு பேசல. சீட்டுல கைய வச்சேன், ஈரமா இருந்துச்சு. ஐஸ் பொட்டி வச்சு எடுத்த மாதிரி. நான் ஏசி கூட இல்லாத வண்டி ஓட்டறவன்."

குடித்திருக்கிறான் என்று எண்ணி அவனைத் திட்டித்தான் அனுப்பினேன். பிறகு ஒரு யோசனை வந்தது. எடை போடாமல் எந்த வண்டியும் என் வாசலைத் தாண்டாது, உனக்குத் தெரியும். போகும்போது ஒரு சீட்டு, வரும்போது ஒரு சீட்டு. சனிக்கிழமைச் சீட்டைத் தேடி எடுத்தேன். வண்டி, பொன்னுரங்கம், மூன்று மூட்டை அரிசி, உன் மருந்துப் பெட்டி. கூட்டிப் பார்த்தால் சரியாக அதுதான் இருக்கிறது. அவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டதே நான்தான். எடைச் சீட்டில் அவர் எடை இல்லை.

எடைமேடை கெட்டுவிட்டதோ என்று நானே ஏறி நின்று பார்த்தேன். எண்பது காட்டுகிறது. கெடவில்லை.

ஆல்பின், நான் பேய் பிசாசு பேசுகிறவன் இல்லை. எடை பொய் சொல்லாது என்று நம்பித்தான் முப்பது வருடமாகத் தொழில் செய்கிறேன். அவர் யார்?

மைக்கேல்ராஜ்


கரியாலூர் மேல்
14.11.2024

அண்ணா,

திங்கட்கிழமை வண்டியில் பதில் கொடுத்திருக்கலாம். எழுதிக் கிழித்தேன். இன்று மிச்சம் வைக்காமல் எழுதுகிறேன்.

அவர் வந்திருக்கிறார். நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. நாள் தவறாமல் மூன்று மணிக்கு, மேகம் இறங்கி முற்றம் வெளுக்கும் நேரத்தில், பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரியாக வைத்திருக்கும் உங்கள் பழைய கடுக்காய்க் கிடங்கின் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கதவைப் பார்த்தபடி இருக்கிறார். தட்டுவதில்லை. நாலரைக்கு மேகம் கலைந்தால் பெஞ்சு காலி. பலகை மட்டும் நனைந்திருக்கும்.

ஆறு வருடம் முன்பு, பிப்ரவரி. எந்த இடம் என்று எழுதக் கூடாது. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே ஒரு சின்னக் காவல் முகாம். அதன்மேல் குண்டு விழுந்தது. நான் ஏறிப் போனபோது பனியில் பத்துப் பேர் கிடந்தார்கள். ஒன்பது பேர் எங்கள் படையினர். பத்தாவது ஆள் சிப்பாய் இல்லை. கான்ட்ராக்டர் மூலமாக மண்ணெண்ணெயும் மாவும் சுமந்து வருகிற உள்ளூர்க் கூலி.

இந்த மாதிரி நேரத்தில் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொருவர் கழுத்திலும் எண் போட்ட அட்டை கட்டுவோம். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும். மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை நடக்கக் கூடியவர். கறுப்பு என்றால் பிழைக்க மாட்டார், மற்ற எல்லோரையும் பார்த்த பிறகு உயிர் இருந்தால் பார்க்கலாம். கல்நெஞ்சம் போலத் தோன்றும். அப்படிச் செய்தால்தான் அதிகம் பேர் பிழைப்பார்கள்.

அந்தக் கூலிக்காரருக்கு விலாவின் அடியில் காயம். நான் கறுப்பு கட்டினேன். ஆனால் அண்ணா, அவர் நினைவோடு இருந்தார். கட்டிய அட்டையைத் தூக்கிப் பார்த்தார். நிறத்தின் அர்த்தம் அவருக்குத் தெரியாது. எண்ணை மட்டும் படித்தார். "பத்து. என் முறை எப்போது சாப்?" என்று கேட்டார். "இவர்களை முடித்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்" என்றேன். தலையாட்டினார். தண்ணீர் கேட்டார். வயிற்றுக் காயத்துக்குக் கொடுக்கக் கூடாது. உதட்டை மட்டும் நனைத்தேன்.

இரண்டு மணி நேரம். ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக முதுகில் சுமந்து இறக்கினேன். ஹெலிகாப்டர் வந்தது. பைலட் கத்தினான், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று. நான் மேலே திரும்பிப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கினார், வகுப்பில் பையன்கள் தூக்குவது போல. நான் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் அந்தச் சரிவே பனிச்சரிவில் மூடிப்போனது. அறிக்கை எழுதும்போது மேலதிகாரி, "காயம்பட்டவர்கள் ஒன்பது பேர்தானே?" என்றார். பத்து என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் "ஆமாம் சார்" என்றேன். அந்த ஒன்பதுக்குத்தான் மெடல். அந்த ஒன்பதைத்தான் நீங்கள் சாக்கில் அச்சடித்தீர்கள்.

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எப்பேர்ப்பட்ட ஆளையும் பேசி அனுப்பக் கூடியவர் நீங்கள். வந்து, ஏதாவது சொல்லி, அவரை அழைத்துப் போய்விடுங்கள். மூன்று மணிக்கு நான் கதவைத் தாழ்போட்டுக்கொள்கிறேன். மலை ஜனங்கள் வருவது நின்றுவிட்டது. முன்னால் வந்தவர் உட்கார்ந்திருக்கும்போது அவரைத் தாண்டிப் போவது இவர்களிடம் கிடையாது. தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அவர்களுக்கும் தெரிகிறது.

ஆல்பின்


சின்னசேலம்
18.11.2024

ஆல்பின்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ரீத்தாவிடம் காட்டவில்லை.

உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஒதுக்கினதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. நானும் தினம் ஒதுக்குகிறேன், நல்ல கிழங்கு ஒரு பக்கம், அழுகல் ஒரு பக்கம். கிழங்கோடு மனுஷனைச் சேர்க்கிறேன் என்று குதிக்காதே. பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிழைக்க வைத்திருக்கிறாய், அது பெரிய காரியம். ஆனால் கூப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாய் பார், அங்கே தப்பு செய்தாய். அதைவிடப் பெரிய தப்பு, அவரைக் கணக்கிலேயே இல்லாமல் ஆக்கினது.

உனக்கு ஒரு விஷயம் சொன்னதில்லை. நீ அப்போது ஆறாவது படித்தாய். நான் இங்கே ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினேன். ஒருநாள் அடுக்கு சரிந்து என்மேல் விழுந்தது. இன்னும் மூன்று பேருக்கும் அடி. அவர்களை வண்டி வைத்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் புதுசு, பேர் லிஸ்டில் ஏறவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்து, "இவன் நம்ம ஆள் இல்ல" என்றான். சாயங்காலம் வரை உமி மூட்டைமேல் கிடந்தேன். வலியைவிட அந்த வார்த்தைதான் இன்றைக்கும் நினைப்பில் இருக்கிறது. என் மண்டியில் யார் வந்தாலும் வில்லை கொடுப்பது எதற்கு என்று நினைத்தாய்? ஒருத்தனும் கணக்கில் இல்லாமல் உட்காரக் கூடாது என்றுதான். அப்படிப்பட்ட நான், அந்த மனுஷனிடம் நம்பரைப் பார்த்தேனே தவிர, "உங்கள் பேர் என்ன?" என்று கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அதனால் உன் வேண்டுகோள் நடக்காது. அவரை நான் அழைத்துப் போக மாட்டேன். அவர் உன்னைத்தான் தேடி வந்தார், நீ கூப்பிடுவதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை நாள் தாழ்போட்டுக்கொண்டு இருப்பாய்? மலை ஜனங்களுக்குக் கள்ளக்குறிச்சியை விட்டால் நீ ஒருத்தன்தான் டாக்டர். பெஞ்சில் அவர் இருக்கிற வரைக்கும் உன் ஆஸ்பத்திரி மூடினதுதான்.

நான் செய்ய வேண்டியதை நான் செய்துவிட்டேன். முந்தாநாள் அச்சாபீசில் சொல்லி அந்த வரியையும் உன் படத்தையும் எடுக்கச் சொன்னேன். நாலாயிரம் சாக்கு அச்சடித்துக் கிடக்கிறது, அது என் நஷ்டம். உன் பங்கு, கதவைத் திறப்பது.

பொன்னுரங்கம் இனி மலைக்கு வர மாட்டேன் என்கிறான். "அவுரு திரும்பி என் வண்டிலயே வந்தா?" என்று கேட்கிறான். பேசிச் சரிக்கட்டி அனுப்புகிறேன்.

மைக்கேல்ராஜ்


கரியாலூர் மேல்
21.11.2024

அண்ணா,

நேற்று கதவைத் திறந்தேன். தைரியம் வந்து திறக்கவில்லை. திறக்க வேண்டியதாகிவிட்டது.

இரண்டே முக்கால் இருக்கும். மேல்பாடியிலிருந்து பூமாலை, தன் சம்சாரம் ஆண்டாளைக் கட்டிலோடு தூக்கி வந்தான். கடுக்காய் பொறுக்கும்போது காலில் பாம்பு. கட்டிலை முற்றத்தில் இறக்கும்போதே அந்தப் பெண்ணின் கண்ணிமை தொங்க ஆரம்பித்திருந்தது. ஜன்னலில் இருந்து, "உள்ளே தூக்கிட்டு வா!" என்று கத்தினேன். பூமாலை அசையவில்லை.

"முன்னாடி ஒருத்தரு குந்தியிருக்காரு சார்."

"பரவாயில்ல, வா!"

"அவுரு அப்போலேருந்து குந்தியிருக்காரு. அவுர தாண்டிப் போனா எங்களுக்கு ஆவாது சார். நீங்களே அவுரு கைல ஒரு வார்த்த கேட்டுடுங்க."

ஒரு வார்த்தை கேட்பதற்கு அவர் முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும். ஆறு வருடமாக நான் செய்யாதது அதுதான். ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. ஆண்டாளின் மூச்சு இழுப்பது உள்ளே கேட்டது. தாழை எடுத்தேன்.

வெளியே குளிர் இந்த மலைக் குளிர் இல்லை. எனக்குத் தெரிந்த குளிர். அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்போது என்ன வயது இருந்ததோ அதே வயது. மீசையில் பனித்துகள் கரையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பெஞ்சிலிருந்து நகர்ந்து இடம் விட்டார்.

"அவர்களை முதலில் பாருங்கள் சாப். நான் இருக்கிறேன்."

அன்றைக்கும் இதைத்தான் சொல்லியிருந்தார், அண்ணா. தலையாட்டும்போது இதே வார்த்தை. அதை மறந்துபோகும்படி என்னைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

ஆண்டாளுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றினேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இமை திறந்தாள், பூமாலையைப் பார்த்து, "கூடைய எடுத்தாந்தியா, வுட்டுட்டு வந்தியா?" என்று சண்டைக்குப் போனாள். பிழைத்துவிட்டாள் என்று தெரிந்தது. கை கழுவினேன். வாசலுக்குப் போய் நின்று, சத்தமாக, பெஞ்சில் இருபது பேர் இருந்தால் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படி, "பத்து" என்றேன்.

எழுந்து வந்தார். மேஜையில் படுத்தார். சட்டையைத் தூக்கினால் காயத்துக்குள் பனி அப்படியே இருந்தது. நான் அதைச் சுத்தம் செய்து தைத்தேன். அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு தையலுக்கும் கை விறைத்தது. அவர் வலியில் முகம் சுளித்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு சீட்டு எழுத உட்கார்ந்தேன். பெயர், அப்பா பெயர், ஊர் என்று கேட்டேன். ரிக்சின். அப்பா பெயர் புன்சோக். ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். தப்பு இல்லாமல் எழுதியிருக்கிறேனா என்று குனிந்து பார்த்தார்.

அவர் கேட்டது மருந்து இல்லை. சுமையோடு அவர் ஓடிப்போய்விட்டதாகக் கான்ட்ராக்டர் ஊரில் சொல்லியிருக்கிறான். காயம்பட்டவர் பட்டியலில் பெயர் இல்லை, செத்தவர் பட்டியலிலும் இல்லை, ஆகவே திருடன். ஆறு வருடமாக அவர் சம்சாரம் திருடன் பெண்டாட்டி. ஊர்க் கிணற்றில் அவளைக் கடைசியில்தான் இறைக்க விடுகிறார்களாம். "எழுதிக் கொடுங்கள் சாப், நான் ஓடவில்லை என்று. நீங்கள் ஒருவர்தான் பார்த்தீர்கள்."

எழுதினால் மெடல் போகும். விசாரணை வரும். பென்ஷனும் நிற்கலாம். அதை எண்ணி நான் தயங்கினேன், அவருக்கு எதிரிலேயே தயங்கினேன். அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். "நாளைக்குக் கட்டு மாற்ற வருகிறேன்" என்று போய்விட்டார்.

என்ன செய்யட்டும்?

ஆல்பின்


சின்னசேலம்
23.11.2024

ஆல்பின்,

எழுது.

சோறு என் வீட்டில் இருக்கிறது.

மைக்கேல்ராஜ்


கரியாலூர் மேல்
28.11.2024

அண்ணா,

எழுதிவிட்டேன். நடந்தது நடந்தபடி நான்கு பக்கம். பத்துப் பேர் என்றும், பத்தாமவர் பெயர் இன்னது என்றும், அவர் சுமையோடு ஓடிப்போகவில்லை, என் சொல்லை நம்பிக் காத்திருந்தார் என்றும். ஒரு பிரதி படைத் தலைமையிடத்துக்கு, ஒரு பிரதி அவர் மாவட்ட அதிகாரிக்கு, இந்தியில் ஒரு பிரதி அவர் சம்சாரத்துக்கு. இன்று காலை கரியாலூர் தபாலாபீசில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். மெடலையும் முதல் உறையிலேயே வைத்துவிட்டேன். பெரிய கனம் இல்லை அது.

மூன்று மணிக்கு ரசீதுகளை அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்து அட்டையைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார். கறுப்புச் சாயம் போய் வெறும் வெள்ளை அட்டையாக இருந்தது, எண் மட்டும் இருந்தது.

கிளம்பும்போது, உங்களிடமும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது என்றார். தன் முகம் போட்ட சாக்கில் இல்லை, தன்னை விட்டுவந்தவர் முகம் போட்ட சாக்கில் இத்தனை நாள் வியாபாரம் நடந்ததாம். அதற்கு நீங்கள் ஒரு வழி சொல்ல வேண்டுமாம். சுமை தூக்கினவர் என்பதால் உங்களோடு பேசுவது சுலபம் என்றார்.

மழையால் கிழங்கு தோண்டவில்லை, வண்டி காலியாகத்தான் வருகிறது. அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பொன்னுரங்கத்துக்கு இப்போது அவர் தெரியவில்லை. அவனிடம் சொல்லாதீர்கள்.

ஆல்பின்


சின்னசேலம்
30.11.2024, சனி

தம்பி,

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டி வந்தது. வாசலில் எடைமேடையில் ஏறி நின்றது. பொன்னுரங்கம் தனியாக இறங்கி வந்து உன் கடிதத்தைக் கொடுத்தான். முன்சீட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை.

எடை காட்டும் பலகையைப் பார்த்தேன். காலி வண்டிக்கு இருக்க வேண்டியதைவிட ஐம்பத்தைந்து கிலோ கூட இருந்தது.

"கல்லு மண்ணு எதாச்சும் ஏத்தினியாடா?"

"வண்டிய நல்லா பாருண்ணே. பெருக்கி வச்ச மாதிரி கெடக்குது."

உன் கடிதத்தை அங்கேயே நின்று படித்தேன். போகும்போது ஆள் தெரிந்தார், எடை இல்லை. வரும்போது எடை இருக்கிறது, ஆள் தெரியவில்லை. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் நான் யாரிடமும் பேசுவேன். கூலிக்காரர்களை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, கதவருகே போய் நின்று, தெரிந்த இந்தியில் ஆரம்பித்தேன்.

"ரிக்சின் பாய், உட்காருங்கள். முதலில் உங்கள் பேரைக் கேட்காமல் விட்டது என் தப்பு. மன்னிக்கணும். படத்தை எடுத்துவிட்டேன். வரியையும் எடுத்துவிட்டேன்."

ஐம்பத்தைந்து அப்படியே நின்றது.

"வடக்கே போகிற ஒவ்வொரு லோடிலும் ஒரு மூட்டை உங்கள் வீட்டுக்கு."

ஐம்பத்தைந்து.

"லாரி வாடகை, கைமாற்றுக் கூலி எல்லாம் என்னுடையது. வீட்டு வாசலில் இறக்கிக் கொடுக்கச் சொல்கிறேன்."

அசையவில்லை. பொன்னுரங்கத்துக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது, மேடைக்கு அந்தண்டை நின்றுகொண்டு, "அண்ணே, இன்னாத்துக்கு இன்னும் எறங்கல? இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுத்துடேன்!" என்று கத்தினான்.

"மண்டி இருக்கிற வரைக்கும். எனக்குப் பிறகு என் மகள் ஜெனிபர் நடத்தினாலும் இதே பேச்சுதான்."

அதற்கும் அசையவில்லை. எனக்குக் கொஞ்சம் ஆத்திரம்கூட வந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? பிடரியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான், சாயங்காலம் வரை உமி மூட்டைமேல் கிடந்த அந்த நாள் ஞாபகம் வந்தது. மற்றவர்களை எல்லாம் ஏற்றின வண்டியில் எனக்கு இடம் இல்லை; இவரும் இவர் சம்சாரமும் எல்லா வரிசையிலும் கடைசி. இலவச மூட்டை என்றால் நாம் என்ன செய்வோம்? விற்கிற சரக்கை எல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியில், மேலே தூக்கிப் போடுவோம். இடம் இல்லாவிட்டால் அடுத்த லோடில் பார்க்கலாம் என்போம்.

"பாய், உங்கள் மூட்டையைக் கடைசியில் ஏற்ற மாட்டேன்" என்றேன். "முதலில் ஏற்றுவேன். அது ஏறின பிறகுதான் மற்றது."

பலகையில் எண் இறங்கியது. சட்டென்று இல்லை, ஒருவர் ஒரு காலை ஊன்றி, பிறகு மறுகாலை எடுத்து இறங்கினால் எப்படி இறங்குமோ அப்படி. முப்பது. பதினைந்து. பிறகு வண்டியின் எடை மட்டும்.

சீட்டில் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

நேற்றே லோடு இருந்தது. சொன்னபடி அவர் மூட்டையை நானே முதுகில் தூக்கி முதலில் ஏற்றினேன். இருபத்தைந்து வருடம் கழித்துத் தூக்குகிறேன், ரீத்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதே. டிக்கெட் இரண்டாகப் போடு.

பேசி முடித்ததை உனக்கும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் இல்லாவிட்டால் நீ சாட்சி: வடக்கே போகும் ஒவ்வொரு லோடிலும் ஒரு மூட்டை ஜவ்வரிசி, புன்சோக் மகன் ரிக்சின் வீட்டுக்கு. வாடகையும் இறக்குகூலியும் மண்டியைச் சேர்ந்தது. பத்தாம் நம்பர் வில்லை இனி யாருக்கும் கொடுப்பதில்லை. மண்டி உள்ளவரை இது செல்லும். அந்த மூட்டை முதலில் ஏறும்.

மைக்கேல்ராஜ்